கையேட்டில் உள்ளபடி

கொழும்பு
2024 பெப்ரவரி 5

அன்பு மார்கிரட் அக்காவுக்கு,

கடந்த வியாழக்கிழமை பிற்பகல் நமது கம்பெனியின் பணிப்பாளர் சபை கூடி, ஒரு தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றியது. அறிவித்தல் உங்கள் தோட்டத்துக்கு வந்து சேருமுன் அதை என் கையால் உங்களுக்கு எழுதிவிட விரும்புகிறேன். இன்று முதல் கொழுந்து எடுக்கும் பெண் எவரும் கொழுந்து எடுக்கும் பெண் அல்ல. அவர் 'அறுவடைத் தொழில்நுட்ப உதவியாளர்' ஆவார்.

இந்தப் பெயரைக் கண்டடைய மூன்று கூட்டங்கள் நடந்தன. வெளியிலிருந்து ஓர் ஆலோசகரும் வரவழைக்கப்பட்டார். 'உதவியாளர்' என்பதா 'இணையாளர்' என்பதா என்ற கேள்வி இரண்டாவது கூட்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. தேநீர் இரண்டு முறை வந்தது. தீர்மானம் நிறைவேறியதும் தலைவர் எழுந்து நின்று, தோட்டத் தொழில் வரலாற்றில் இது ஒரு திருப்புமுனை என்றார். எல்லாரும் எழுந்தார்கள். பயிற்சிப் பிரிவின் சார்பில் நானும் எழுந்தேன்.

இது போக, நான் சுகமாகத்தான் இருக்கிறேன். லியனார்ட் மச்சானின் இருமல் எப்படி? உங்கள் தோள்வலிக்கு நான் அனுப்பிய தைலத்தைப் பூசுகிறீர்களா, அல்லது லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் பங்கு வைத்துவிட்டீர்களா? போனில் கேட்டிருப்பேன். ஆனால் நீங்கள் போனில் சொல்லும் பதில் சுவர் தாண்டி ஆறு வீட்டுக்கும் கேட்கும். கம்பெனி விஷயம் பேசவேண்டியிருப்பதால் இனிக் கடிதம்தான்.

விஷயம் இதுதான். பெயரோடு சேர்த்துத் திறன் அபிவிருத்திக் கொள்கை ஒன்றும் வந்திருக்கிறது. ஹட்டனில் வாரத்தில் ஒரு நாள் வகுப்பு நடக்கும். முடிவில் சான்றிதழ் கிடைக்கும். கொள்கையின் ஒன்பதாம் பிரிவு சொல்கிறது: மேற்பார்வைப் பதவிகளில் பாதி, சான்றிதழ் பெற்ற பெண்களுக்கு. அந்தப் பிரிவை எழுதியவள் நான். உங்கள் அழகன் கங்காணி ஜூன் மாதம் ஓய்வு பெறுகிறார். மீதியை நான் எழுத வேண்டியதில்லை.

தங்கச்சி
யூஜினா

—

கல்லுமலைத் தோட்டம், மேற்பிரிவு
றொசல்ல
2024 பெப்ரவரி 16

யூஜினாவுக்கு அக்கா எழுதுவது.

இங்கே மச்சானின் இருமல், தேயிலை அரைக்கும் ஸ்டோரில் தூசியைக் குடித்து நன்றாக வளர்ந்து வருகிறது. என் தோள்வலிக்கும் குறைவில்லை. தைலம் காளியாயி வீட்டில் இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு, கடைச் சோற்றை நம்பாதே.

உங்கள் தீர்மானத்தைச் செவ்வாய்க்கிழமை காலை பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்தில், மலை வேலைக்குப் பொறுப்பான கண்டாக்கு ஐயா வாசித்தார். தூறிக்கொண்டிருந்தது. வாசித்து முடித்ததும் யாரும் கைதட்டாததால், கேட்கவில்லையோ என்று நினைத்து மறுபடியும் வாசித்தார்.

காளியாயி கேட்டாள்: "ஐயா, பேரு இம்புட்டு நீளமாயிருச்சே, கூடை சின்னதாகுமா?"

"ஆகாது."

"கிலோ?"

"ஒரு நாளைக்கு அதே கிலோதான்."

"அப்ப பழைய பேரே இருந்துட்டுப் போகட்டுங்க. மழையில கூப்பிட லேசா இருக்கும்."

நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்த ஒன்பதாம் பிரிவு வேண்டும்.

போன ஒக்டோபரில் பக்கத்து வீட்டு சர்மிளாவைக் குளவி கொட்டியது உனக்குத் தெரியும். எப்படிக் கொட்டியது என்று நான் சொன்னதில்லை. ஐந்தாம் நம்பர் மலையில் நிழல் மரத்தில் கூடு தொங்குவதை நாங்கள்தான் காட்டினோம். அழகன் கங்காணி குடைக்குள் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தார். "அது போன வருசத்துக் கூடு. எறங்குங்க, எறங்குங்க, கொழுந்து முத்துது" என்றார். அது அந்த வருசத்துக் கூடு. சர்மிளாவுக்கு இன்னமும் இடது கண் பாதிதான் திறக்கிறது. அழகனுக்கு அந்த மாதம் கொழுந்து குறையவில்லை.

எந்த மலையில் இறங்குவது, எதில் இறங்கக்கூடாது என்று சொல்கிற வாய் கங்காணியின் வாய். எனக்கு அந்த வாய் வேண்டும். சம்பளம் எவ்வளவு கூடும் என்று மச்சான் கேட்டார். நான் அதைக் கேட்கவே இல்லை என்றதும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

வகுப்புக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன். இன்னும் முப்பது பேரையும் இழுத்து வந்திருக்கிறேன். தனியாகப் போனால் பெரட்டில் கிண்டல் பண்ணுவார்கள்.

மார்கிரட்

—

கொழும்பு
2024 மார்ச் 9

அன்பு அக்காவுக்கு,

நேற்றுப் பெண்கள் தினம் என்பதால் அலுவலகப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு ரோஜாவும் ஒரு சிறிய கேக்கும் கிடைத்தன. கேக் நன்றாக இருந்தது. உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. உங்கள் சுகத்தைப் பற்றி எழுதுங்கள்; உண்மையை எழுதுங்கள்.

ஆலோசகர் இந்த வாரம் தன் வரைபடத்தைச் சமர்ப்பித்தார். அதில் மூன்று வட்டங்கள். ஒன்று திறன் கொள்கை, ஒன்று வணிக மூலோபாயம், ஒன்று வேலைத்தள நடைமுறை. மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடம்தான் கம்பெனியின் எதிர்காலம் என்று விளக்கினார். அந்த இடம் மிகச் சிறியது. அதற்குள் எழுத்து எதுவும் அடங்காததால் வெறுமையாக விட்டிருந்தார். ஒரு பணிப்பாளர் வட்டங்களைப் பெரிதாக்கலாமே என்றார். ஆலோசகர் அதைக் குறித்துக்கொண்டார்.

பயிற்சிக் கையேட்டை எழுதும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. உங்கள் கடிதம் வருமுன்பே எழுதி முடித்தேன். யாரும் வாசிக்காததால் ஒரு சொல்லும் மாறாமல் அங்கீகரிக்கப்பட்டது. கடைசிப் பக்கத்தில் தலைவரின் கையொப்பம் வண்ணத்தில் இருக்கிறது. உங்கள் எல்லாருக்கும் ஒவ்வொரு பிரதி வரும். பதினான்காம் பக்கத்தை நான் சர்மிளாவை நினைத்துத்தான் எழுதினேன். ஆனால் நீங்கள் சொன்ன கதை எனக்கு அப்போது முழுதாகத் தெரிந்திருந்தால் இன்னும் கடுமையாக எழுதியிருப்பேன்.

பாஸ்காப் பெருநாளுக்கு வர முடியுமா பார்க்கிறேன்.

யூஜினா

—

கல்லுமலைத் தோட்டம்
2024 மே 27

யூஜினாவுக்கு,

பாஸ்காவுக்கு உனக்காகக் காத்திருந்து, வராததால் உன் பங்கையும் சாப்பிட்டோம். அதனால் சுகமாக இருக்கிறோம். உன் உடம்பு எப்படி? இரண்டரை மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. வேலை என்று நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் வாத்தியார் பெயர் தர்சன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஹட்டனில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். முதல் நாள் வகுப்பில் எழுந்து நின்று சொன்னார்: "அக்காமார், ஒளிச்சுப் பிரயோசனம் இல்லை. நான் ஒருநாளும் கொழுந்து பிடுங்கினதில்லை. புத்தகத்தில என்ன கிடக்கோ, அதை ஒரு எழுத்தும் விடாமல் சொல்லித் தருவன். அதுக்கு மேல என்னட்டக் கேளாதேங்கோ."

"கேக்க மாட்டோம் சார்," என்றாள் காளியாயி. "ஆனா ஒரு எழுத்தையும் விட்டுறாதீங்க."

விடவில்லை. இரண்டு இலை ஒரு மொட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது. மின்னல் வெட்டினால் மலையை விட்டு இறங்கவேண்டும். தராசு முள்ளைத் தொழிலாளி பார்க்க நிறுக்கவேண்டும். பக்கம் பதினான்கு: மலைக்குள் கால் வைக்குமுன் சுற்றிப் பரிசோதிக்கவேண்டும்; குளவிக்கூடு இருந்தால் அது அகற்றப்படும்வரை யாரும் இறங்கக்கூடாது. இதை அவர் வாசித்தபோது எல்லாரும் திரும்பிச் சர்மிளாவைப் பார்த்தோம். அவர் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று பயந்து மறுபடி புத்தகத்தைப் பார்த்தார்.

வாய்மொழிப் பரீட்சையில் காளியாயியிடம் "வேலை தொடங்க முதல் என்ன செய்வீங்க?" என்று கேட்டார்கள். "கங்காணி ஏசுறத நின்னு கேப்போம்" என்றாள். பிறகு சரியான பதிலையும் சொன்னாள். எல்லாரும் தேறிவிட்டோம். சர்மிளாவும் தேறினாள்.

ஜூன் வந்தேவிடும். அழகனுக்கு மாலை வாங்கக் காசு சேர்க்கிறார்கள். கங்காணி வேலைக்கு நான் யாரிடம் எழுதிக் கொடுக்கவேண்டும்?

மார்கிரட்

—

கொழும்பு
2024 ஜூன் 12

அன்பு அக்காவுக்கு,

முப்பத்தொரு பேரும் தேறியது பெரிய சந்தோஷம். இங்கே கடும் வெயில். இரவில் மின்விசிறியும் சூடாகத்தான் வீசுகிறது. மற்றபடி சுகம். மச்சான் ஆவி பிடிக்கிறாரா?

அலுவலகத்தில் லிஃப்ட் பழுதாகிவிட்டது. ஐந்து மாடி ஏறவேண்டியிருக்கிறது. நான்காவது மாடியில் கணக்குப் பிரிவினர் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். அது மிகவும் வசதி. போன வாரம் ஒரு ஹோட்டலில் கம்பெனிக்கு விருது கொடுத்தார்கள், தொழிலாளர் திறன் அபிவிருத்திக்காக. உங்கள் வகுப்புப் படத்தைத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள். ஐஸ்கிரீம் இரண்டு வகை.

சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுங்கள். சுவர் ஈரம் ஏறாத பக்கமாக.

யூஜினா

—

கல்லுமலைத் தோட்டம்
2024 ஜூன் 24

யூஜினா,

இங்கே எல்லாரும் சுகம். வெயிலைப் பற்றி அறிந்தேன். லிஃப்டைப் பற்றி அறிந்தேன். ஐஸ்கிரீமைப் பற்றியும் அறிந்தேன். நான் கேட்டதைப் பற்றி ஒன்றும் அறியவில்லை.

அதனால் நானே உதவி மேனேஜர் சின்ன தொரையிடம் போனேன். அழகனின் இடத்துக்கு அவர் தங்கை மகன் நிரோஷனை வைத்தாயிற்று என்றார். நிரோஷன் போன மாதம்வரை ஹட்டனில் போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான். வகுப்புப் பக்கமே வரவில்லை.

"தொரை, எங்கிட்ட சர்டிபிகேட் இருக்குங்க."

"நல்லது மார்கிரட். அது உங்க முன்னேற்றத்துக்கு."

"அப்ப இது?"

"இது தோட்ட வேலை."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நான் புரியாமல் கேட்பதுபோல, பொறுமையாகத்தான் சொன்னார்.

நீ எழுதிய ஒன்பதாம் பிரிவு எங்கே?

மார்கிரட்

—

கல்லுமலைத் தோட்டம்
2024 ஜூலை 10

யூஜினா,

தபால்காரர் சுகம். இன்றும் பார்த்தேன். அவர் கையில் எனக்கு ஒன்றும் இல்லை.

நேற்று நிரோஷன் எங்களை ஐந்தாம் நம்பரில் இறக்கினான். அதே மரம். புதுக் கூடு. கீழே குனிந்துகொண்டே கொழுந்து எடுத்தோம், மேலே பார்க்கவில்லை. சர்மிளா எனக்குப் பக்கத்து நிரையில் நின்றாள். அவள் எடுத்த கொழுந்தில் பாதி கூடைக்குள் போகாமல் தரையில் விழுந்தது. யாரையும் கொட்டவில்லை. நேற்று.

அக்கா

—

கொழும்பு
2024 ஜூலை 18

அன்பு அக்காவுக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன.

ஒன்பதாம் பிரிவு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஏப்ரல் மாதம் அதில் இரண்டு சொற்கள் சேர்க்கப்பட்டன. இப்போது அது, 'புதிதாக உருவாக்கப்படும் மேற்பார்வைப் பதவிகளில் பாதி, சான்றிதழ் பெற்ற பெண்களுக்கு' என்று இருக்கிறது. வணிக மூலோபாயத்தின்படி அடுத்த ஐந்து வருடங்களுக்குப் புதிய மேற்பார்வைப் பதவி எதுவும் உருவாக்கப்படாது. அழகன் கங்காணியின் பதவி பழையது. ஆகவே கொள்கை மீறப்படவில்லை. அதை யாராலும் மீற முடியாது. கொள்கையும் மூலோபாயமும் பூரணமாக இணைந்துவிட்டன என்று ஆலோசகர் தன் இறுதி அறிக்கையில் பாராட்டியிருக்கிறார்.

இது எனக்கு ஏப்ரலிலேயே தெரியும். நீங்கள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். பிறகு ஜூன் மாதம் லிஃப்டைப் பற்றி எழுதினேன்.

வேறு அலுவலகச் செய்தி ஒன்றுதான். நம் தேயிலையை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் பிரதிநிதி செப்டெம்பரில் வருகிறார். கல்லுமலைக்கும் வருவார். விருது வாங்கிய கையேடு தோட்டத்தில் எழுத்துக்கு எழுத்து பின்பற்றப்படுகிறது என்று நம் தலைவர் அவர்களுக்குக் கையொப்பமிட்டுக் கொடுத்திருக்கிறார். பின்பற்றாவிட்டால் கொள்வனவு நின்றுவிடும். பின்பற்றுவதற்காக ஒரு தொழிலாளியைத் தண்டித்தாலும் நின்றுவிடும். அதுவும் ஒப்பந்தத்தில் இருக்கிறது.

செய்திக்காக எழுதினேன். இங்கே இப்போது மழை.

யூஜினா

—

கல்லுமலைத் தோட்டம்
2024 ஓகஸ்ட் 14

யூஜினாவுக்கு,

செய்தி கிடைத்தது. இரண்டு முறை வாசித்துவிட்டு, முப்பது பேருக்கும் வாசித்துக் காட்டினேன், லிஃப்ட் வந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு. மச்சானுக்கு இருமல் குறைவு. எனக்குத் தோளில் வலி தெரியவில்லை. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

ஜூலை கடைசித் திங்கட்கிழமை நிரோஷன் எங்களை ஐந்தாம் நம்பருக்கு அனுப்பினான். எப்போதும் கூடையை மாட்டிக்கொண்டு, கொழுந்து பெருகட்டும் என்று "பொலி" சொல்லித்தான் மலையில் இறங்குவோம். அன்று ஒருத்தியும் பொலி சொல்லவில்லை. ரோட்டிலேயே நின்றோம்.

"என்னா நிக்கிறீங்க?"

"பரிசோதிக்கிறோம் தம்பி," என்றாள் காளியாயி.

"என்னாத்த?"

"மலைய. பக்கம் பதினாலு. நீங்க வகுப்புக்கு வரல இல்ல, ஒங்களுக்குத் தெரியாது."

"அக்கா, அதெல்லாம் பரீச்சைக்கு!"

"ஆமா. நாங்க இன்னும் எழுதி முடிக்கல."

மலையைச் சுற்றி வந்தோம். கூடு இருந்தது. கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தோம். கண்டாக்கு ஐயா மோட்டார் சைக்கிளில் வந்தார். நான் கையேட்டைத் திறந்து கொடுத்தேன். பதினான்காம் பக்கத்தை வாசித்தார். கடைசிப் பக்கத்தைப் புரட்டி உங்கள் தலைவரின் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இத யாரு ஒங்களுக்குக் குடுத்தது?"

"நீங்கதாங்க ஐயா. பெரட்டுல வச்சு."

மூன்றாம் நம்பருக்கு மாற்றினார். அங்கேயும் கையேட்டில் உள்ளபடி. இரண்டு இலை, ஒரு மொட்டு. முத்தல் இல்லை, காம்பு இல்லை. மின்னல் வெட்டியதும் இறங்கினோம். மடுவத்துக் கொட்டகையில் கொழுந்தை நிறுத்தபோது தராசு முள்ளைப் பார்க்க ஒவ்வொருத்தியாகக் குனிந்தோம், நிறுக்கவே பொழுதாகிவிட்டது. கிலோ பாதி வந்தது. எல்லாருக்கும் அரைப்பேர் போட்டார்கள், அரைநாள் சம்பளம். மறுநாளும் அப்படித்தான்.

ஸ்டோரில் டீமேக்கர் ஐயா கொழுந்தை இரண்டு கையாலும் அள்ளி முகர்ந்துவிட்டு, "மேற்பிரிவுல யாருக்குப் பைத்தியம் புடிச்சுச்சு?" என்று கேட்டாராம், சிரித்துக்கொண்டே. இப்படிக் கொழுந்தை அவர் படத்தில்தான் பார்த்திருக்கிறாராம். பெரிய தொரை அவரைப் பேசாமல் இருக்கச் சொல்லியிருக்கிறார்.

சங்கத் தலைவர் ஜெயகாந்தன் வேட்டியை மடித்துக்கொண்டு மலைக்கே வந்துவிட்டார். "எங்கிட்டச் சொல்லாம ஸ்ட்ரைக் பண்றீங்களே, நல்லாவா இருக்கு?"

"ஸ்ட்ரைக் இல்லீங்க தலைவரே," என்றேன். "வேலதான் செய்யிறோம். நீங்க வேணும்னா வந்து பாருங்க, ஒழுங்கா செய்யிறோமான்னு."

அவருக்கு என்ன கோஷம் போடுவது என்று தெரியவில்லை. போய்விட்டார்.

எல்லாம் சிரிப்பு இல்லை. அரைப்பேர் என்றால் அரைச் சோறு. போன வாரம் நாலு பேர் பழையபடி எடுக்கப் போய்விட்டார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். காளியாயி மட்டும் சொன்னாள். சின்ன தொரை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நான்தான் கிளப்பிவிடுகிறேன் என்று தெரியும், என் பெயரையே வெட்டிவிட முடியும் என்றார். எழுத்தில் கொடுங்கள் என்றேன். இன்னும் கொடுக்கவில்லை.

செப்டெம்பர்வரை தாங்குவோம். யார் கேட்டாலும், நீ எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதை நாங்கள் மறக்க மாட்டோம்.

மார்கிரட்

—

கொழும்பு
2024 ஓகஸ்ட் 26

அன்பு அக்காவுக்கு,

உங்கள் தோள் சுகப்பட்டது பற்றி மகிழ்ச்சி. எனக்கு வலது கையில் வலி. காரணம் கீழே.

வெள்ளிக்கிழமை அவசரக் கூட்டம் ஒன்று நடந்தது. கல்லுமலை மேற்பிரிவில் தொழிலாளர்கள் கம்பெனியின் கையேட்டைப் பின்பற்றுகிறார்கள் என்ற முறைப்பாடு முதலில் வாசிக்கப்பட்டது. இது எவ்வளவு காலமாக நடக்கிறது என்று தலைவர் கேட்டார். நான்காவது வாரம் என்றார்கள். மற்றத் தோட்டங்களுக்கும் பரவியிருக்கிறதா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றார்கள். ஒரு பணிப்பாளர், அந்தக் கையேட்டை எழுதியது யார் என்று விசாரித்தார். அனைவரும் அங்கீகரித்த ஆவணம் என்று நான் பதில் சொன்னேன்.

நிறுத்துவதற்கு என்ன வழி என்று சட்ட அதிகாரியிடம் கேட்டார்கள். "பின்பற்ற வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்தால் போதும்" என்றார். ஒரு பணிப்பாளர் தன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கடைசியில், 'கையேட்டை நெகிழ்வுடன் விளங்கிக்கொள்ளல்' என்ற தலைப்பில் ஒரு சுற்றுநிருபம் அனுப்புவதென்று முடிவாயிற்று. யார் கையொப்பமிடுவது என்று கேட்டேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அன்று மாலை முதல்தான் கைவலி. இன்றைக்குச் சுற்றுநிருபம் வேண்டும் என்றார்கள். வைத்தியர் ஓய்வு சொல்லியிருக்கிறார் என்றேன். வைத்தியரின் பெயரைக் கேட்டார்கள். இந்தக் கடிதத்தை நான் எழுதுவதால் உங்களுக்குச் சந்தேகம் வரலாம். இடது கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரதிநிதி செப்டெம்பர் பத்தாம் திகதி வருகிறார்.

யூஜினா

—

கல்லுமலைத் தோட்டம்
2024 செப்டெம்பர் 20

யூஜினாவுக்கு,

முதலில் உன் கை எப்படி? இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதுகிறேன். இந்த முறை அது உண்மை.

வந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண், உயரமான சப்பாத்து. பெரிய தொரை, சின்ன தொரை, கண்டாக்கு ஐயா எல்லாரும் இஸ்திரி போட்டு வந்தார்கள். மொழிபெயர்க்கத் தர்சன் சாரைக் கூட்டி வந்திருந்தார்கள். எங்களை மூன்றாம் நம்பரில் காட்டத்தான் ஏற்பாடு. நாங்கள் ஐந்தாம் நம்பர் ரோட்டில் கூடையை இறக்கி வைத்து நின்றோம். போன நாலு பேரும் அன்று வந்து நின்றார்கள்.

அந்தப் பெண் ஏதோ கேட்டது. தர்சன் சார் எங்களைப் பார்த்துச் சொன்னார்: "இந்த மலைக்குள்ள இறங்கிறதா இல்லையா எண்டு தீர்மானிக்கிற ஆள் ஆர் எண்டு கேக்கிறா."

நிரோஷன் கண்டாக்கு ஐயாவைப் பார்த்தான். கண்டாக்கு சின்ன தொரையைப் பார்த்தார். சின்ன தொரை பெரிய தொரையைப் பார்த்தார். பெரிய தொரை மலையைப் பார்த்தார்.

"மார்கிரட் அக்கா," என்றாள் சர்மிளா. பிறகு எல்லாரும் அதையே சொன்னார்கள்.

பெரிய தொரை சிரித்துவிட்டு, பாதி சிங்களத்தில், "ஹரி, ஹரி, சரி, எங்க பெண் மேற்பார்வையாளர் இவங்கதான்" என்றார். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக் குலுக்கியது. படம் எடுத்தார்கள். இந்த முறை நான் கண்ணை மூடவில்லை.

வாகனம் போனதும் சின்ன தொரை என்னிடம் வந்தார். "அது போட்டோவுக்கு மார்கிரட். தெரியும்தானே?"

"தெரியுங்க தொரை."

மறுநாள் காலை பெரட்டில் கங்காணி நிற்கும் கல்லில் ஏறி நின்றேன்.

"அக்கா, அது என் எடம்," என்றான் நிரோஷன். பாவம், மெதுவாகத்தான் சொன்னான்.

"போட்டோவுல யாரு தம்பி நிக்கிறது?"

கீழே எங்கள் ஆட்கள் முப்பது பேரும் கூடையைத் தரையில் வைத்துவிட்டார்கள். கண்டாக்கு ஐயா என்னைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். அந்தப் படம் கொழும்புக்கும் அதற்கப்பாலும் போய்விட்டது அவருக்கும் தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "மார்கிரட், இன்னைக்கு எந்த மலை?"

"மூணுங்க ஐயா. அஞ்சு, குளவிக் கூட்ட எடுத்த பெறகு."

பத்து நாளாக அந்தக் கல்லில்தான் நிற்கிறேன். நேற்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். ஆறு மாதம் தற்காலிகம் என்று போட்டிருக்கிறது. கிலோவைக் குறைத்துத் தரவில்லை, அதற்கு இன்னும் சண்டை இருக்கிறது. நிரோஷனை ஸ்டோரில் போட்டிருக்கிறார்கள். மச்சான் வேலை பழக்குகிறார். புதன்கிழமை இரண்டு பேர் புகை போட்டுக் கூட்டை இறக்கினார்கள். என் வயதுக்கு ஒரு கூட்டைக் கம்பெனிச் செலவில் எடுத்து நான் பார்த்ததில்லை. சர்மிளா தூரத்தில் நின்று முழுதும் பார்த்தாள்.

ஒன்று கேட்க மறந்தேன். அந்தச் சுற்றுநிருபம் இங்கே வரவே இல்லை. வேறு யாரும் எழுதவில்லையா?

அக்கா

—

கொழும்பு
2024 செப்டெம்பர் 26

அன்பு மார்கிரட் அக்காவுக்கு,

கை சுகமாகிவிட்டது. உங்கள் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தேன். சாப்பாடு ஆறிவிட்டது.

உங்கள் நியமனத்தின் பிரதி தலைமை அலுவலகக் கோப்பில் சேர்க்கப்பட்டுவிட்டது. திங்கட்கிழமை நானே சேர்த்தேன். வாங்கும் கம்பெனிக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. தற்காலிகம் என்ற சொல்லைப் பற்றி அவர்கள் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். கையேடு கம்பெனியின் எட்டுத் தோட்டங்களுக்கும் அச்சாகிப் போய்விட்டது. தர்சனிடம் மீதிப் பிரதிகளைக் கொடுத்திருக்கிறேன். அவர் ஒரு எழுத்தையும் விடமாட்டார்.

சுற்றுநிருபத்தை யாரும் எழுதவில்லை.

பயிற்சிப் பிரிவு இந்த மாத இறுதியுடன் மூடப்படுகிறது, என் வேலையும் அதனுடன். அடுத்த சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். றொசல்லயில் இறங்குவேன். பெட்டி இரண்டு, ஒன்று பாரம். மச்சானை ஸ்டேஷனுக்கு அனுப்புங்கள்.

யூஜினா